மந்திரியைக் கேட்ட லிஃப்ட்காரர்

லிஃப்ட்காரர் என்றால் அந்த வட்டாரத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லி வங்கிக்காரர்களைத் தவிர யாரும் கூப்பிட்டதில்லை. பழுதான லிஃப்டைச் சரிசெய்வதும், பாதி வழியில் நின்றுபோன லிஃப்டிலிருந்து ஆட்களை வெளியே எடுப்பதும் அவர் பிழைப்பு. தட்டில் கை வைத்திருப்பார், போன் அடிக்கும், கையைக் கழுவிவிட்டுக் கிளம்பிவிடுவார். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் பயத்தில் கதவை உதைப்பார்கள். மோட்டார் அறைக்கு ஏறுவதற்கு முன்னால் கதவு இடுக்கில் வாய் வைத்து, "நான் வந்துட்டேன். அப்படியே கீழ உக்காருங்க. இன்னைக்கு வீட்டுல என்ன சமையல்னு சொல்லுங்க" என்று பேச்சுக் கொடுப்பார். உதைப்பது நின்றுவிடும். அதற்கப்புறம்தான் மேலே போவார்.

வெளியே இவ்வளவு கெட்டிக்காரர், வீட்டில் எப்படி என்று கேட்டால், அதற்கு இரண்டு பதில் உண்டு. மனைவி பக்கவாதத்தில் விழுந்த பிறகு அவர்தான் குளிப்பாட்டினார், வாயில் ஊட்டினார், முதுகில் புண் வராமல் புரட்டிப் புரட்டிப் படுக்கவைத்தார். முகம் சுளித்ததில்லை. இது ஒரு பதில். ஒரு மதியம் ஜவுளிக்கடை லிஃப்டில் ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள் என்று போன் வந்தது. மனைவியின் நல்ல கைக்கு எட்டும்படி மணியை வைத்துவிட்டு, "இதோ வந்துடறேன்" என்று போனார். அவர் திரும்புவதற்குள் அவள் போய்விட்டாள். அம்மாவைப் பார்க்க அன்றைக்கு வெளியூரிலிருந்து வந்த மகள்தான் கதவைத் திறந்தது. இது இன்னொரு பதில்.

மகள் அப்பாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் அழுதாவது தீர்த்திருப்பார். போனில் "சாப்டீங்களா, மருந்து போட்டீங்களா" என்பாள், "ஆச்சும்மா" என்பார், வைத்துவிடுவாள். அவர் வேலையையும் விட்டுவிட்டார். அதற்கப்புறம் அந்த வீட்டில் குழாய் சொட்டினால்கூட ஒரு ஆள் வந்தது போல இருந்தது.

நாய்க் காப்பகத்துக்கு அவர் போனது நாய் வாங்க இல்லை. பழைய போர்வை, விரிப்பு இருந்தால் கொடுங்கள் என்று சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். மனைவியின் விரிப்புகளைத் துவைத்து மடித்துக்கொண்டு போனார். அங்கேதான் மந்திரியைப் பார்த்தார். கிழட்டுப் பெண் நாய். குடியிருந்தவர்கள் வீட்டைக் காலி செய்தபோது துடைப்பம் வரைக்கும் ஏற்றிக்கொண்டு இதை மட்டும் விட்டுவிட்டுப் போனார்களாம். நல்ல மனுஷர்கள்! குலைக்காது, வருகிறவர் போகிறவரை, மனு வாங்குகிறவர் மாதிரி தலையை நிமிர்த்தி ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதனால் அந்தப் பெயர். லிஃப்ட்காரர் கம்பியோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பழக்க தோஷத்தில், "என்ன சமையல்?" என்று கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போய்க் கேட்டார். அதற்கடுத்ததும். ஒரு நாள் அது எழுந்து வந்து அவருடைய செருப்பின் மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது. அவர் கால் மரத்துப்போகும் வரை அசையவில்லை.

வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்றபோதுதான் சட்டதிட்டம் தெரிந்தது. பால்கனிக்கு வலை அடித்திருக்க வேண்டும். வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும். காப்பகத்திலிருந்து ஒரு ஆள் வந்து வீட்டைப் பார்ப்பார்; அன்றைக்குக் குடும்பத்தினர் உடனிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வளர்ப்பவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் நாயை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று இன்னொருவர் ஒப்புக்கொள்ள வேண்டும்.

"பொண்ணு குடுக்கறதுக்குக்கூட இவ்வளவு கேக்க மாட்டாங்களேம்மா" என்றார்.

"பொண்ணு திரும்பி வந்து என்ன நடந்துச்சுன்னு சொல்லும் சார். இது சொல்லாது" என்றாள் காப்பகத்துப் பெண். வாரநாளில் பல் டாக்டரிடம் உதவியாளாக இருப்பவள். வீடு பார்க்க வரப்போகிறவளும் அவள்தான்.

வீடு பார்க்கிற நாளில் கூட இருக்க வரச்சொல்லி மகளுக்குப் போன் செய்தார். எப்படிக் கேட்பது என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் வீணாகப்போனது. "நாயா? சரி, வரேன்பா" என்றாள். அன்றைக்கு அவருக்குத் தலைகால் புரியவில்லை. வலைக்காரனை வரவழைத்து, அவன் அடித்ததில் திருப்தியில்லாமல், தானே பிரித்து மறுபடி அடித்தார்.

இங்கேதான் அவர் தொழில் அவரைக் கெடுத்தது. லிஃப்டுக்கு ஆய்வாளர் வருகிறார் என்றால் முன்னாலேயே ஒரு வேலை நடக்கும். எண்ணெய்க் கறையைத் துடைத்து, தேய்ந்த சாமானை ஒளித்து, ஆய்வாளர் வாயைத் திறந்து கேள்வி கேட்க ஒன்றுமே இல்லாதபடி செய்துவிட வேண்டும். பார்ப்பார், தலையை ஆட்டுவார், போய்விடுவார். வாழ்நாள் முழுக்க அப்படிப் பழகியவர் தன் வீட்டையும் அப்படித்தான் பார்த்தார். நோயும் சாவும் நடந்த வீடு என்றால் நாயைக் கொடுப்பார்களா? மனைவி படுத்திருந்த கம்பி வைத்த கட்டிலைக் கழற்றிப் பரணில் ஏற்றினார். சக்கர நாற்காலியை மடித்து அதற்குப் பின்னால் தள்ளினார். மணி, மருந்துத் தட்டு, தன்னுடைய இருதய மாத்திரைகள் எல்லாம் பீரோவுக்குள் போயின. கடைசியாகக் கூடத்தில் மாட்டியிருந்த மனைவியின் படத்தை இறக்கி, புடவைகளுக்கு நடுவில் வைத்தார். ஒரு நாள்தானே, நாய் வந்ததும் மாட்டிவிடலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டு, ஆணி வெறுமையாகத் தெரியாதிருக்க இரும்புக்கடைக் காலண்டரை அதில் தொங்கவிட்டார்.

சொன்ன நாளில் வந்த காப்பகத்துப் பெண் வேலையில் கறார். வலையை முழங்கையால் தள்ளிப் பார்த்தாள். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே குனிந்து பினாயிலை மேலே வைக்கச் சொன்னாள். நாய் எங்கே படுக்கும் என்று கேட்டாள்.

"என் கட்டிலுக்குப் பக்கத்துல."

"எவ்வளவு நேரம் தனியா விடுவீங்க?"

"தனியா விடவே மாட்டேன்மா. கடைக்குப் போனாலும் கூட்டிட்டுப் போவேன்."

இதைச் சொன்னபோதுதான் மகள் வாசற்படி ஏறினாள். பஸ் தாமதம். தோளில் பையோடு உள்ளே வந்தவள், காப்பகத்துப் பெண்ணுக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டுக் கூடத்தைப் பார்த்தாள். கட்டில் இருந்த மூலையைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள்.

"அம்மா எங்கப்பா?"

படம் எங்கே என்று கேட்கவில்லை. அம்மா எங்கே என்றுதான் கேட்டாள். லிஃப்ட்காரர் பீரோ பக்கம் கையைக் காட்டினார்.

"பாக்க வராங்கன்னு... கொஞ்சம் ஒதுக்கி வெச்சேன்மா."

மகள் பையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். வீடு பார்க்க வந்தவளுக்கு இந்த வீட்டில் எதையோ மிதித்துவிட்டோம் என்று புரிந்தது. ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டுத்தானே ஆக வேண்டும்.

"அப்பாவால முடியாம போச்சுன்னா, மந்திரிய நீங்க எடுத்துக்குவீங்களாம்மா?"

மகள் அப்பாவைப் பார்த்தாள். "இல்ல. என்னால முடியாது" என்றாள்.

"வேற யாராவது இருக்காங்களா சார்? சொந்தம்தான் வேணும்னு இல்ல. சிநேகிதர், பக்கத்து வீடு, யாரா இருந்தாலும் பரவாயில்ல."

அவர் போனை எடுத்து, பதிந்து வைத்த எண்களைத் தள்ளிக்கொண்டே வந்தார். ஜவுளிக்கடை லிஃப்ட். கண் ஆஸ்பத்திரி லிஃப்ட். மூணாம் பிளாக் லிஃப்ட். நூற்றுக்கணக்கான ஆட்களை அவர் வெளியே எடுத்திருக்கிறார். கதவு திறந்ததும் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்கள்கூட உண்டு. அவர்களில் ஒருவருடைய பெயரும் அவருக்குத் தெரியாது. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "யாரும் இல்லம்மா" என்றார்.

காப்பகத்துப் பெண் எழுந்தாள். வாசல் வரை போனவள், பரணில் நீட்டிக்கொண்டிருந்த கட்டில் கம்பியைப் பார்த்து, மனசு கேட்காமல் நின்றாள். "படுத்துக் கிடந்தவங்கள நீங்கதான் பாத்துக்கிட்டீங்களா சார்?"

"ஆமாம்மா."

"அந்தக் கட்டில இருந்த இடத்துலயே விட்டிருக்கலாம். நான் வந்ததும் அதத்தான் பாத்திருப்பேன். அடுத்து ஏத்துக்க ஆள் இல்லேன்னாலும், ஒரு உசுர வெச்சுப் பாத்துக்கிட்ட வீடு, குடுக்கலாம்னு நானே எங்க ஆளுங்ககிட்ட சண்டை போட்டிருப்பேன். இப்ப அவங்க கேட்டா நான் என்னத்த சொல்றது?" என்றாள். அவளுக்கே அது கஷ்டமாக இருந்தது. தெருவில் இறங்கி வேகமாக நடந்துவிட்டாள்.

மகள் பீரோவைத் திறந்து படத்தை எடுத்தாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். காலண்டரைக் கழற்றிவிட்டுப் படத்தை மாட்டி, சாய்வைச் சரிசெய்தாள். லிஃப்ட்காரர் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். கோபமாக இருந்தால் திட்டித் தீர்த்துக்கொள்ளட்டும் என்றுதான் வாயைத் திறந்தார்.

"என்மேல கோவம்னா என்கிட்ட காட்டும்மா. அந்த நாய் என்ன பாவம் பண்ணுச்சு?"

"கோவம் இல்லப்பா." மகள் படத்துக்கு முன்னாலேயே நின்றாள். "கோவமா இருந்தா சரின்னு சொல்லிட்டுப் போயிருப்பேன். அவங்க என்ன கேட்டாங்கன்னு உங்களுக்குப் புரியலையா? உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா இந்தக் கதவைத் திறந்துட்டு உள்ள வர்ற ஆள் நான்தான். வந்து, உங்க பக்கத்துல உக்காந்திருக்கிற நாயைக் கூட்டிட்டுப் போகணும். ஒருதடவை திறந்துட்டேன்பா. அன்னையிலேர்ந்து எங்க வீட்டுக் கதவைத் திறக்கறப்பகூட கை நடுங்குது. இன்னொரு தடவைக்கு இப்பவே சரின்னு சொல்ல என்னால முடியல."

இத்தனை நாளும் அவள் தன்னைக் குற்றம் சொல்கிறாள் என்றே நினைத்திருந்தார். அதற்காகவே அவளிடம் தள்ளி நின்றார். அவள் இன்னும் அன்றைக்குத் திறந்த அந்தக் கதவருகேயே தனியாக நின்றுகொண்டிருக்கிறாள் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. ஊரார் மாட்டிக்கொண்டால் ஓடிப்போய்ப் பேச்சுக் கொடுத்தவர், பெற்ற பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்கு அழுகை வந்தது, மகளும் அழுதாள். ஆனால் இரண்டு பேரும் பக்கத்தில் வரவில்லை. அதற்கான பழக்கம் விட்டுப்போயிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு, "கடைசி பஸ் போயிடும்பா" என்று பையை எடுத்தாள். மாத்திரைகளைப் பீரோவிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

அவள் தெருமுனை திரும்பும் வரை பால்கனியில் நின்றார். வலைக்குப் பின்னாலிருந்து கையை ஆட்டினார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே வந்து காப்பகத்துக்குப் போன் செய்தார்.

"மந்திரிய வேற யாராவது கேட்டா குடுத்துடும்மா. சத்தம் போடாத ஆளா பாத்துக் குடு. சாப்பாடு வெச்சுட்டுத் தள்ளி உக்காரணும், பக்கத்துல நின்னா சாப்பிடாது."

"சரி சார். நீங்க வழக்கம்போல ஞாயித்துக்கிழமை வாங்க. உங்களப் பாத்தா அது எழுந்து வருதில்ல."



"இல்லம்மா, இனிமே வரல. நான் வந்துட்டு இருந்தா அது எனக்காகவே காத்துட்டு இருக்கும். வேற யாரு கூப்பிட்டாலும் போகாது."