கயிறு அவிழ்க்கும் நாள்

இராஜபாளையத்தில் ஒரு நூல்மில் வாசலில் செக்யூரிட்டி வேலை பார்க்கும் பால்ச்சாமி, பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து வந்தவர். குடியை விடுவதில் அவரைப்போல் கெட்டிக்காரர் கிடையாது. எத்தனையோ தடவை விட்டிருக்கிறார். கருப்பசாமி கோயில் பூசாரி முன்னால் நின்று, ஆறு மாதத்துக்குத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்து மணிக்கட்டில் கயிறு கட்டிக்கொள்வார். கட்டினால் கட்டினதுதான். கல்யாண வீடோ கறிவிருந்தோ, யார் கெஞ்சினாலும் ஒரு சொட்டு உள்ளே போகாது. ஆனால் ராணுவக் கேன்டீனில் மாதாமாதம் தருகிற ரம்மைத் தவறாமல் வாங்கிப் பீரோவில் அடுக்குவார். கெடு முடிந்து கயிறு அவிழ்க்கிற அன்றைக்கு ஆறு மாதக் குடியையும் சேர்த்துக் குடிப்பார்.

அப்படி ஒரு கயிறு, மகள் கார்த்திகாவின் கல்யாணத்துக்கு முந்தின நாள் அவிழ்ந்து தொலைத்தது. சம்பந்தி நவநீதகிருஷ்ணன் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், வங்கி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். குடி வாடை அடிக்கிற வீட்டில் கைநனைக்காத மனுஷன் என்று பெயர். பந்தியில் அவர் தோளில் கையைப் போட்டு, "ஏலே மாப்ளே, எம் மகளப் பாத்துக்கோலே" என்று பால்ச்சாமி அழுதார். அவர் பதிலே பேசாமல் சாப்பிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு கார்த்திகா அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்போது அவளுக்கு ஒன்பதாம் மாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரவேண்டியவள், "வளைகாப்பு முடிஞ்சாலும் நான் அங்க வரல. கயித்த நம்பி எம் பிள்ளையப் பெத்துக்கிட முடியாது" என்று அம்மாவிடம் போனில் சொல்லிவிட்டாள். வெங்கடேஸ்வரி அழுதாள். "இன்னொரு கயிறு கட்டிக்கிடுங்களேன்" என்று புருஷனைக் கெஞ்சினாள். பால்ச்சாமி கையைப் பார்த்தார். கட்டியிருந்த கயிற்றின் கெடு முடிய அதிக நாள் இல்லை. பாவம், அந்த மனுஷனுக்குத் தன்னை நினைத்தே பயமாக இருந்தது.

மில் வேன் ஓட்டுகிற எபனேசர் ஒரு காலத்தில் இவரோடு குடித்தவன், இப்போது தொடுவதில்லை. எப்படிடா விட்டாய் என்று கேட்டார். குடியை விட்டவர்கள் கூடுகிற மீட்டிங் உள்ளூரிலேயே நடக்கிறது என்றான். பால்ச்சாமி போனார். வாசலில் மில் சூப்பர்வைசரின் வண்டி நின்றது. அப்படியே திரும்பி வந்துவிட்டார். அந்த ஆளும் அதற்குத்தானே வந்திருப்பான் என்பது வீடு வந்த பிறகுதான் உறைத்தது.

"அப்ப ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போங்கண்ணே" என்றான் எபனேசர். "ஞாயித்துக்கெழம சாயங்காலம், சர்ச்சுக்குப் பின்னால ஒரு ரூமு. மதமெல்லாம் மாத்தமாட்டாக, பயப்படாதீக."

சம்பந்தி ஊராயிற்றே என்று ஒரு யோசனை. கோயில் பக்கம் குடியிருக்கிற சம்பந்திக்குச் சர்ச்சுக்குப் பின்னால் என்ன வேலை என்று மனதைத் தேற்றிக்கொண்டு பஸ் ஏறினார்.

அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். பால்ச்சாமி வாசலை ஒட்டி உட்கார்ந்து, பக்கத்திலிருந்தவரிடம் மணிக்கட்டைக் காட்டி, "இங்க எம்புட்டு நாளைக்குக் கட்டுவாக?" என்று கேட்டார்.

"கட்டுறதெல்லாம் இல்லண்ணே. இன்னைக்குக் குடிக்காம இருக்கணும், அம்புட்டுத்தான்."

ஒரு நாள் குடிக்காமல் இருக்க இவ்வளவு தூரம் பஸ் ஏறி வரவேண்டுமா? பால்ச்சாமிக்கு எரிச்சல் வந்தது. எழுந்துவிடலாம் என்று செருப்பைத் தேடும்போது முன்வரிசையில் ஒருவர் எழுந்து திரும்பி நின்றார்.

"எம் பேரு நவநீதகிருஷ்ணன். நான் ஒரு குடிநோயாளி."

பால்ச்சாமிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சம்பந்தியும் இவரைப் பார்த்துவிட்டார். பிறகு இவரைப் பார்த்தபடியே சொன்னார்.

"எம் மகன் கல்யாணத்துல ஒருத்தர் குடிச்சிட்டு எந் தோள்ல சாஞ்சு அழுதாரு. நான் கோவத்துல பேசலன்னு எல்லாரும் நெனச்சாக. அந்த வாடைக்கு எனக்கு நாக்கு ஊறிப்போச்சு. வாயத் தொறந்தா, எனக்கும் கொஞ்சம் குடுங்கன்னு கேட்ருவேன். விட்டு எத்தனையோ வருசமாச்சு, இன்னமும் அப்படித்தான் இருக்கு."

பால்ச்சாமி தேம்பித் தேம்பி அழுதார். யாரும் அவரைச் சமாதானப்படுத்தவில்லை. வெளியே வந்ததும் சம்பந்தி, "இங்க பேசுனது இங்கயே இருக்கட்டும். முடியலன்னா எந்நேரமும் போன் பண்ணுங்க" என்றார்.

கயிறு அவிழ்த்த அன்று பீரோவைத் திறந்துவைத்துக்கொண்டு பால்ச்சாமி சம்பந்திக்குப் போன் பண்ணினார். மழை, முழங்கால் வலி, பஸ்ஸில் கூட்டம் என்று இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். வெங்கடேஸ்வரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் சமயம் பார்த்துப் பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துப்போய்ச் சாக்கடையில் கவிழ்த்தாள். பால்ச்சாமிக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. போனை மட்டும் வைக்கவில்லை.

வளைகாப்பு முடிந்தும் கார்த்திகா வரமாட்டேன் என்றே நின்றாள். நவநீதகிருஷ்ணன் மருமகளைக் கூப்பிட்டு, "போயிட்டு வாம்மா. ஒங்கப்பாவ எனக்குத் தெரியும்" என்றார். மாமாவா இதைச் சொல்கிறார் என்று அவள் திகைத்துப் போனாள். என்ன தெரியும் என்பதை மாமாவும் சொல்லவில்லை, அப்பாவும் சொல்லவில்லை. மாமாவின் பேச்சைத் தட்ட மனமில்லாமல் கிளம்பினாள்.

காரில் ஏறியதும், கூட்டிப்போக வந்திருந்த அப்பாவின் வாயருகே மூக்கைக் கொண்டுபோய் மோந்து பார்த்தாள். பள்ளிக்கூடம் போகிற வயதிலிருந்தே அவர் வீட்டுக்குள் நுழைந்தால் அவள் முதலில் செய்கிற காரியம் அது. எப்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர் இன்றைக்குத் திருப்பவில்லை. வாயைத் திறந்து ஊதிக் காட்டினார்.

"இன்னைக்கு இல்ல" என்றாள் கார்த்திகா.

பால்ச்சாமி சத்தியம் ஏதும் செய்யவில்லை. "நாளைக்கும் இதே மாதிரி மோந்து பாரு தாயி" என்றார்.