மாதம் ஆயிரம் என்று எழுதினேன்

எம்.ஏ. பொருளாதாரம் முடித்துவிட்டு வேலை இல்லாமல் வீட்டில் பேச்சு வாங்கிக்கொண்டிருந்த தொண்ணூறுகளின் நடுவில், பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறையில் எனக்குத் தற்காலிக வேலை கிடைத்தது. வீடு வீடாகப் போய் வருமானம் கேட்டு எழுத வேண்டும். பல நாடுகளிலும் இப்படிக் கேட்டு, உலகத்து ஜனங்களை ஏழையிலிருந்து பணக்காரர் வரை ஒரே வரிசையில் நிறுத்திப் பார்க்கப் போகிறார்கள் என்றார் மேலாளர். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. உலகத்தை அளக்கிறவளாக, டவுன் பஸ்ஸில் சீவலப்பேரிக்குப் போனேன்.

முதலில் ஒரு வயல்காரர் வீடு. வாசலில் புது டிராக்டர் நின்றது.

"என்னத்த வருமானம்? உரத்துக்கும் மருந்துக்குமே சரியாப் போவுது. ஒண்ணுமில்லன்னு போடும்மா" என்று சொல்லி நல்ல காப்பி கொடுத்தார். சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும், நம் ஊகத்தை எழுதக் கூடாது என்பது விதி. டிராக்டரைப் பார்த்துக்கொண்டே சைபர் போட்டேன்.

அடுத்த தெருவில் நடவுக்கும் அறுப்புக்கும் போகிற ஒரு அம்மா. கணவர் இல்லை. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்து, இரண்டு பவுன் என்று பேச்சு முடிந்திருந்தது. உலகம் பூராவும் இப்படி எழுதுகிறோம் என்று நான் பெருமையாக ஆரம்பிப்பதற்குள் நாலைந்து பெண்கள் வந்து சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அத்தையும் அதில் ஒருத்தி. வருமானம் கேட்கும்போது வேறு யாரும் இருக்கக் கூடாது என்று எங்களுக்குக் கொடுத்த புத்தகத்தில் போட்டிருந்தது. ஆனால் வந்து உட்கார்ந்தவர்களை எழுந்து போகச் சொல்ல எங்கள் பக்கத்தில் யாருக்கு வாய் வரும்? எனக்கும் வரவில்லை. அந்தத் தப்பு என்னுடையது.

வெளியூரிலிருந்து பணம் வருகிறதா என்று கேட்டேன். அந்த அம்மா அத்தைக்காரியை ஒரு பார்வை பார்த்தார்.

"எம் மவன் பம்பாயில இருக்கான்லா. மாசம் ஆயிரம் அனுப்புதான்."

எழுதினேன். வரிசையில் வயல்காரரை முந்திவிட்டாரே என்று பஸ்ஸில் வரும்போது சிரிப்புக்கூட வந்தது.

பத்து நாள் கழித்து அந்த அம்மா பாளையங்கோட்டைக்கே என்னைத் தேடி வந்துவிட்டார். மாதம் ஆயிரம் வருகிறதே என்று மாப்பிள்ளை வீட்டில் இப்போது ஐந்து பவுன் கேட்கிறார்களாம்.

"எம் மவன் போயி ரெண்டு வருசமாச்சு டீச்சர். ஒரு கடுதாசிகூடக் கெடையாது. அத சம்பந்தக்காரி முன்னால எப்படிச் சொல்லுவேன்?" என்றார். பேனாவும் பேப்பருமாக வந்தவள் என்பதால் நான் அவருக்கு டீச்சர். "வருசத்துக்கு ஆயிரம்னுதான் சொன்னேன், நீங்கதான் மாத்தி எழுதிட்டியன்னு வந்து சொல்லுங்க. உங்கள யாரு என்ன சொல்லப் போறா?"

ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் பேசக் கூடாது, படிவங்களும் டெல்லிக்குப் போயாச்சு என்று மேலாளர் கையை விரித்தார். ஞாயிற்றுக்கிழமை அவருக்குத் தெரியாமல் சீவலப்பேரிக்குப் போனேன். அத்தைக்காரி கலர் சோடா வாங்கிக் கொடுத்து உபசரித்தார். பாடம் பண்ணிக்கொண்டு போன பொய்யை நான் ஒப்பித்து முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"பாவம், உங்கள இம்புட்டுத் தூரம் அலைய விட்டுட்டா. காயிதத்துல ஏறினது ஏறினதுதான டீச்சர்?"

நான் எழுதியதை நானே பொய் என்கிறேன், நம்ப ஆள் இல்லை. ஐந்து பவுனிலிருந்து ஒரு குன்றிமணிகூட அவர்கள் குறைக்கவில்லை. சம்பந்தம் அன்றோடு நின்றுபோனது.

பஸ் ஏற்றிவிட அந்த அம்மா கூட வந்தார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"டீச்சர், இந்தக் காயிதத்த உலகம் பூராவும் எழுதுதாவன்னு சொன்னியள்லா? பம்பாயிலயும் எழுதுவாவளா?"

"ஆமா."

"அப்ப எம் மவன் எங்கன இருக்கான்னு அதுல தெரிஞ்சிரும்லா?"

அந்தப் படிவத்தில் பெயர் எழுதக் கட்டமே கிடையாது. தெரிந்துவிடும் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.