அண்ணன் கொடுக்காத துணி

மத்தூரில் பிறந்து, ஓசூர் தொழிற்பேட்டையில் லேத் முன்னால் வாழ்நாளைக் கழித்து, சென்ற ஆடியில் எங்களை விட்டுப் பிரிந்தார் அண்ணன். அவருடைய பொறுமையையும் உழைப்பையும் பற்றி உறவினர்கள் நீங்கள் எல்லோரும் பேசிவிட்டீர்கள். தங்கையாகிய நான் எழுத வந்தது வேறு. முதலாண்டு நினைவு நாளிலும் எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அண்ணனுக்குக் கள்ளி என்றால் உயிர். வார விடுமுறையில் உடன் வேலை செய்பவர்கள் சினிமாவுக்குப் போனால், அவர் சைக்கிளில் கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாறைக் கரடுகளுக்குப் போய்விடுவார். சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, திருகுகள்ளி என்று தண்டின் விளிம்பை எண்ணியும், முள் இரட்டையா ஒற்றையா என்று பார்த்தும் இனம் சொல்வார். சந்தேகம் வந்தால் நுனியைக் கிள்ளிப் பால் வருகிறதா என்று பார்ப்பார். "சப்பாத்திக்கள்ளிக்குப் பாலே கெடையாது பாப்பா. அது கடல் தாண்டி வந்தது. நம்ம ஓசூர்க் கம்பெனிக்காரங்க மாதிரி, வந்த எடத்துல வேர் புடிச்சிருச்சு" என்று சிரிப்பார். அதன் மஞ்சள் பூவின் முன் அவர் குந்தி உட்கார்ந்தால் எழுப்புவது பெரும்பாடு.

பால் பட்ட கையைத் துடைக்கக் கம்பெனியிலிருந்து, மெஷின் துடைக்கும் வேஸ்ட் துணி கொண்டுவருவார். முகம் துடைக்கத் தனியாக ஒரு துண்டு. எழுபதுகளின் கடைசியில், எனக்குப் பதினான்கு வயதில், ஒரு சித்திரை வெயிலில் என்னையும் கூட்டிப் போனார். "வேஸ்ட் துணிய மட்டும் தொட்டுறாத பாப்பா. கண்ணு போயிரும்" என்று இரண்டு முறை சொன்னார். அன்றைக்கு வந்திருந்தது ரோஜா நிறப் பனியன் துணி, மெத்தென்று இருந்தது. துண்டு அவர் தோளில் இருந்தது. அவரோ பாறைக்கு மேலே நின்றார். எழுந்து போகச் சோம்பல். பக்கத்தில் கிடந்த, பால் துடைத்த வேஸ்ட் துணியையே எடுத்து முகத்தைத் துடைத்தேன்.

என் அலறல் கேட்டு ஓடிவந்து, என்னைத் தூக்கிக்கொண்டே கல்லுடைப்பவர்களின் குடிசைவரை ஓடினார். அங்கிருந்த கன்னடக்கார அம்மா ஒருவர் கண்ணைக் கழுவிவிட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் நேரமாகிவிட்டது. இடது கண்ணில் பூ விழுந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பா கேட்டார்: "அந்தத் துணிய எவன் குடுத்தான்?"

சொன்ன பேச்சு கேட்காத பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்பது அப்பாவின் வழக்கமான பேச்சு. பள்ளியை நிறுத்திவிடுவார் என்று பயந்தேன்.

"அண்ணன்தான் குடுத்துச்சு" என்றேன்.

அண்ணன் என்னை ஒருமுறை பார்த்தார். "ஆமாப்பா. நெனப்பில்லாம குடுத்துட்டேன்" என்றார். எல்லோர் முன்னிலும் அப்பா அவரைச் செருப்பால் அடித்தார்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். எங்கள் வீட்டில் அது ஒரே கூரையின் கீழ் இருந்தது. நான் படித்தேன், ஆசிரியை ஆனேன். அண்ணனுக்குப் பேசிய இரண்டு சம்பந்தங்கள், "தங்கச்சி கண்ணக் கெடுத்தவனுக்கா பொண்ணு குடுக்கறது?" என்று முறிந்தன. அந்தப் பேச்சு நடந்த பந்தியில் நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன். அதற்குப் பிறகும் அவர் கரட்டுக்குப் போனார், தனியாக. பிற்பாடு கல்யாணமாகிப் பெற்ற மகள் அழுது கேட்டும் கூட்டிப் போகவில்லை.

சிறுநீரகம் கெட்டுப் படுத்திருந்தபோது, "அண்ணா, அன்னைக்கு அந்தத் துணி..." என்று ஆரம்பித்தேன்.

"அப்பாவே போயிட்டாரு. இப்ப எதுக்கு பாப்பா அது?" என்றார். பிறகு, "கண்ணுக்கு மருந்து ஊத்துனியா?" என்று கேட்டார். ஊற்றினேன் என்று மட்டும் சொன்னேன். கோழை நான்.

தூரத்திலிருந்து சுமந்து வந்த குடத்து நீரை முழுவதும் என் கண்ணில் ஊற்றிக் கழுவிய, பெயர் தெரியாத அந்தக் கன்னடக்கார அம்மாவுக்கும், கடைசிக் காலத்தில் ரத்தம் கொடுத்த கம்பெனி நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஊர் சொன்னதைக் கேட்டும் அண்ணனை மணந்த அண்ணிக்கு நன்றி சொல்லும் தகுதி எனக்கில்லை. அண்ணி, அவர் என் கண்ணைக் கெடுக்கவில்லை. பிள்ளைகளே, உங்கள் அப்பா மீது குற்றமே இல்லை.

இந்த நினைவு மலரைப் பெறும் உறவினர்களிடம் ஒரே வேண்டுகோள். இதைப் பத்துப் பேரிடமாவது சொல்லுங்கள். நான் பொய் சொன்னபோது நூறு பேரிடம் சொன்னீர்கள்.