புகைபோக்கிக்கு இடது வலது கிடையாது

1. டிக்கெட் யாருக்கு

"டார்ஜிலிங்குக்கு முருகேசன் போகட்டும்" என்று இக்கா சொன்னபோது என் எதிரே ஒரு செம்பு பாய்லர் சிவக்கச் சிவக்கக் காய்ந்துகொண்டிருந்தது. அதைத் தண்ணீர்த் தொட்டியில் போட்ட சத்தத்தில் நான் சொன்ன வார்த்தை யாருக்கும் கேட்கவில்லை. நல்லதுதான். எழுதக்கூடிய வார்த்தை அல்ல அது.

எங்கள் பட்டறை கொச்சியில், மட்டாஞ்சேரி பஜாரில், ஒரு பழைய அரிசிக் கிடங்கின் பின்கட்டில் இருக்கிறது. குறுகிய தண்டவாளத்தில் ஓடிய நீராவி எஞ்சின்களை அங்கே சின்ன அளவில் செய்கிறோம். அலமாரிப் பொம்மை என்று நினைத்துவிடாதீர்கள். தண்ணீர் ஊற்றி கேஸ் பர்னரைப் பற்றவைத்தால் நிஜ ஆவியில் ஓடும். நிஜத்தில் இரண்டடி அகலத் தண்டவாளம். எங்களுக்கு அது முப்பத்திரண்டு மில்லிமீட்டர். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள். முதலாளியை எல்லோரும் இக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

நான் பக்கத்துப் பள்ளுருத்திக்காரி. அப்பா நகராட்சி வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். பட்டறை தொடங்கிய நாள் முதல் பாய்லர் என் கையில்தான். செம்புத் தகட்டை வளைப்பது, சில்வர் சால்டர் உருக்கி மூட்டுகளை ஒட்டுவது, பிரஷர் டெஸ்ட் பார்ப்பது எல்லாம் நான். முருகேசன் கோயம்புத்தூரிலிருந்து எனக்கு வெகுகாலத்துக்குப் பிறகு வந்தவன். பாடி வேலை, அதாவது வெளியே தெரிகிற டேங்க், கேபின், பைப், தகட்டை இணைக்கும் ரிவெட் ஆணி எல்லாம் அவன். வருகிறவர்கள் எஞ்சினைப் பார்த்ததும் "ஆஹா" என்பது அவன் வேலைக்கு. என் பாய்லர் உள்ளே, உறைக்கு அடியில், ஒருவர் கண்ணிலும் படாமல் கிடக்கும். இந்த ஒன்றே போதும், ஒருத்தனைப் பிடிக்காமல் போவதற்கு.

அதுவரை நாங்கள் செய்தது மும்பைப் பக்கத்து மாத்தேரான் மலை ரயிலின் எஞ்சின். டார்ஜிலிங் மலை ரயில் எஞ்சின் கேட்டு ஒரு பெரிய சேகரிப்பாளரிடமிருந்து முதல்முறையாக ஆர்டர் வந்தது. மனிதர் பூதக்கண்ணாடி வைத்து ரிவெட் பார்க்கிறவர். பிடித்துவிட்டால் இன்னும் பல ஆர்டர் வரும், பிடிக்காவிட்டால் வெளியே சொல்லியே நம் பெயரைக் கெடுத்துவிடுவார் என்றார் இக்கா. அதனால் ஒருவர் நேரில் போய் நிஜ எஞ்சினை அளந்து, போட்டோ எடுத்து வர வேண்டும்.

"நான் போறேன் இக்கா" என்றேன்.

"செல்வி, நீ போயிட்டா பாய்லர் ஆரு நோக்கும்? பின்னே அவிடே ஹிந்தி வேணுமல்லோ. முருகேசனுக்கு ஹிந்தி தெரியும்."

கோயம்புத்தூர் மில்லில் வடக்கத்திக்காரர்களோடு தங்கி அவன் கற்ற ஹிந்தி. அவனுக்கு வாய்த்த அதிர்ஷ்டத்தில் அதுவும் சேர்த்தி.

2. குழுவில் வந்த படம்

அவன் போனான். தினமும் பட்டறையின் வாட்ஸாப் குழுவில் படம் போட்டான். மலை, மேகம், மோமோ, எஞ்சின், எஞ்சினோடு அவன். மற்றவர்கள் கைதட்டல் அனுப்பினார்கள். நான் அனுப்பவில்லை.

திரும்பி வந்தும் வாய் ஓயவில்லை. "மாத்தேரான் மாதிரி இல்லக்கா இது. அதுக்கு ஆறு சக்கரம், முன் அச்சும் பின் அச்சும் வளைவுல ஒதுங்கிக் குடுக்கும். இதுக்கு நாலே சக்கரம்தான். தண்ணி டேங்க் பாய்லர் முதுகுல ஏறி உக்காந்திருக்கு, கரியும் மேலயே. முன்னாடி ரெண்டு பேரு நின்னு தண்டவாளத்துல மணல் போட்டுட்டே போறாங்க. நேர்ல பாக்கணுங்கக்கா!"

நேரில் பார்க்கணுமாம். என்னிடம் சொல்கிறான்.

மாத்தேரான் எஞ்சின்தான் உசத்தி என்று அன்று முழுக்க வாதாடினேன். ஒதுங்கிக் கொடுக்கும் அச்சு எவ்வளவு பெரிய மூளை, இது என்னவோ சந்தைக்குப் போகிற கழுதைபோல எல்லாவற்றையும் முதுகில் ஏற்றிக்கொண்டு நிற்கிறது என்றேன். உண்மையில் அந்த எஞ்சினை எனக்கு ரொம்பப் பிடித்துப் போயிருந்தது. எரிச்சலே அதுதான்.

ஷெட்டில் எஞ்சின் சுவரை ஒட்டி நின்றதால் முதல் நாள் இடது பக்கத்தை மட்டும் எடுத்தானாம். மறுநாள் காலை போனபோது வலது பக்கம் வெளியே தெரியும்படி நின்றதாம். எடுத்து வந்துவிட்டான். பெயிண்ட் வேலைக்காக நம்பர் பிளேட்டைக் கழற்றி வைத்திருந்தார்களாம். அந்தப் படங்களை வைத்து அவன் பாடி செய்ய, என் பாய்லர் உள்ளே ஏற, எஞ்சின் தயாரானது. அழகாகத்தான் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பார்சல் அனுப்புவதற்கு முன்தினம் மத்தியானம். சாப்பிட்டுவிட்டு போனை எடுத்தேன். அவன் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்ப்பது அந்த நாட்களில் எனக்கு ஒரு வழக்கமாகவே ஆகியிருந்தது. அளவு பார்க்க இல்லை. வயிறு எரியத்தான். எஞ்சினுக்கு முன்னால் பல்லெல்லாம் தெரிய அவன் எடுத்துக்கொண்ட செல்ஃபி ஒன்று உண்டு. வேலைக்கு உதவாத படம் என்று யாரும் அதைக் கவனித்ததில்லை. நான் மட்டும் அந்தச் சிரிப்பைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பேன்.

அன்று விரல் சற்று மேலே நகர்ந்துவிட்டது. அவன் தலைக்கு மேலே புகைபோக்கி. அதன் வாயில் பட்டை வளையம் இல்லை. மழமழவென்று இருந்தது.

மேசைமேல் நின்ற மாடலைப் பார்த்தேன். வளையம் இருந்தது. இடது பக்கப் படங்களைத் திறந்தேன். வளையம் இருந்தது. வலது பக்கப் படங்களில் புகைபோக்கியின் மேல்நுனி மேகத்துக்குள் மறைந்திருந்தது. செல்ஃபி எடுத்தது மறுநாள், வலது பக்கத்தில் நின்று.

டேங்குக்கு இடது வலது உண்டு. பைப்புக்கு உண்டு. புகைபோக்கிக்குக் கிடையாது. அவன் அளந்தது ஒரு எஞ்சின் அல்ல, இரண்டு. நம்பர் பிளேட் இருந்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். ஒரே வகை என்றாலும், காலமெல்லாம் ரிப்பேர் பார்த்துப் பார்த்து ஒன்றுக்கொன்று மாறிப்போனவை. எங்கள் மாடலில் ஒரு பக்கம் ஒரு எஞ்சின், மறுபக்கம் வேறு எஞ்சின்.

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! சாயா வரும்வரை காத்திருந்தேன். எல்லோரும் கிளாஸோடு உட்கார்ந்த பிறகு, செல்ஃபியை அவன் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"முருகேசு, உன் எஞ்சின் ராத்திரியோட ராத்திரியா மொட்டை போட்டுச்சா?"

அவன் பார்த்தான். மாடலைப் பார்த்தான். மறுபடி போனைப் பார்த்தான். கிளாஸைக் கீழே வைத்துவிட்டான். முகம் செத்துவிட்டது. அந்த முகத்தைப் பார்க்கத்தான் அத்தனை நாள் ஆசைப்பட்டேன். பார்த்ததும் வாயிலிருந்த சாயா கசந்தது.

"எண்டே படைச்சோனே" என்று இக்கா தலையில் கை வைத்தார். "இது அங்ஙனே போயிருந்தா நம்ம கதை கழிஞ்சது."

3. இக்காவின் சட்டம்

டார்ஜிலிங் ஷெட்டில் பழக்கமான, எஞ்சினுக்குக் கரி போடுகிற ஒரு பயர்மேனுக்கு முருகேசன் போன் போட்டான். அதே ஹிந்திதான் காப்பாற்றியது. வளையம் வைத்த எஞ்சினின் வலது பக்கப் படங்கள் வந்து சேர்ந்தன. அவன் ஒரு பக்கத்தை முழுக்கப் பிரித்து மறுபடி செய்தான். பைப் ஓட்டமே வேறாக இருந்தது. பார்சல் தாமதமாகப் போனது.

வாங்கியவரிடமிருந்து பதில் வந்தது. இதுவரை வாங்கிய மாடல்களெல்லாம் பொதுவாக ஒரு வகை எஞ்சினைக் காட்டுகிறவை; இது ஒன்றுதான் நிஜத்தில் இருக்கிற குறிப்பிட்ட ஒரு எஞ்சின் என்று எழுதியிருந்தார். பாடி செய்தவருக்குத் தனியாகப் பாராட்டு. பாடி செய்தவருக்கு! எனக்கு மறுபடி பற்றிக்கொண்டு வந்தது.

என் முகத்தை இக்கா பார்த்துவிட்டார். மனிதர் லேசுப்பட்டவர் இல்லை. அன்றே ஒரு சட்டம் போட்டார்.

"இனி ஒருத்தர் செஞ்ச எஞ்சின அவங்கமேல அசூயை உள்ள ஆளுதான் செக் பண்ணணும். சிநேகம் உள்ளவன் நோக்கினா ஒண்ணும் காணில்லா. முருகேசன்டே எஞ்சின் செல்வி நோக்கட்டே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். ஆனால் சட்டம் நின்றது. அவன் எஞ்சின் ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒன்றைப் பிடித்துக் கொடுத்தேன்.

பிறகு ஒரு மாத்தேரான் எஞ்சினைப் பாய்லர் முதல் பெயிண்ட் வரை நானே தனியாகச் செய்தேன். செக் செய்ய முருகேசனிடம் போனது. சனிக்கிழமை வாங்கிப் போனவன் திங்கட்கிழமை கொண்டுவந்து மேசையில் வைத்தான். "எல்லாம் ஓகே" என்றான். அவ்வளவுதான்.

நான் அவனுடைய ரிவெட்டை ஒவ்வொன்றாக எண்ணியிருக்கிறேன். இவன் என் எஞ்சினைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டான் என்று பட்டது. பொறாமைப்படுகிற அளவுக்குக்கூட நான் இவனுக்கு ஒரு ஆள் இல்லை! அன்று சாயங்காலம் கைகழுவும் இடத்தில் பிடித்துக்கொண்டேன்.

"ஏண்டா, என்மேல உனக்கு ஒரு பொறாமையும் இல்லையா?"

முருகேசன் சோப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். நிமிரவில்லை.

"இல்லாம இருக்குமாக்கா? என்னுது எல்லாம் வெளிப்பூச்சு. ஓடறது உங்க பாய்லர்லதான். வந்த நாள்ல இருந்து எரியுது எனக்கு. ரெண்டு நாளும் உங்க எஞ்சின வீட்ல கழட்டிப் போட்டுத் தேடினேன். பிரஷர் ஏத்தி வெச்சுப் பாத்தேன், மீட்டர் முள்ளு கொஞ்சம்கூடக் கீழ வரல. ஞாயித்துக்கிழமை கறிச்சோறு, எறங்கவே இல்ல. ஒரு குறை கெடைக்கலையே, நான் என்ன பண்ணட்டும்?"

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். செய்ததை உங்களைப் பிடித்தவர்களிடம் காட்டி "நல்லா இருக்கு" என்று கேட்டு வாங்கிக்கொள்ளாதீர்கள். உங்களைப் பார்த்தால் எரிகிற ஒருவரிடம் கொடுங்கள். அவர் தேடித் தேடிச் சலித்துத் திருப்பித் தந்தால், அதை நம்புங்கள்.

அன்று முருகேசனுக்குச் சாயாவும் பருப்பு வடையும் வாங்கிக் கொடுத்தேன். பாவம், ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சரியாகச் சாப்பிடாதவன்.