அஞ்சலை அக்கா அழுத ஒப்பாரி

வடக்கனந்தலில் மைக்செட் வைத்திருக்கிறேன். எங்கள் தெரு அஞ்சலை அக்காவின் வீட்டுக்காரர் இறந்தபோது, அக்கா மைக்கைப் பிடித்து ஒப்பாரி வைத்தார். அதைச் செல்போனில் பதிவு செய்து, மைக்செட்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். நல்ல குரல் என்றுதான் போட்டேன்.

சில மாதம் கழித்து அக்கா கடைக்கு வந்தார். தியாகதுருகத்தில் ஒரு சாவுக்குப் போன இடத்தில், ஸ்பீக்கரில் அவர் குரலே கேட்டிருக்கிறது.

"எம் புருசன் பேரச் சொல்லி நான் அழுதத, எவன் வூட்டு சாவுக்கோ போட்டுக்கினு இருக்கானுங்க. இன்னாடா இது?"

"நல்லா இருந்துச்சின்னு அனுப்புனேன்க்கா."

"நல்லா இருக்கணும்னாடா அழுதேன்?"

அக்கா போனதும் செல்போனை எடுத்தேன். தேடிப் பார்த்தால், யாரோ அதில் மேளம் சேர்த்து யூடியூபிலும் ஏற்றியிருந்தார்கள்.

கள்ளக்குறிச்சி வக்கீல் ஒருவரிடம் கேட்டேன். பாடியவருக்கு உரிமை உண்டு, பதிவு செய்தவருக்கும் உண்டு என்றார்.

"அப்ப எனக்குமாங்க?"

"உனக்கும்தான்."

அழுதது அக்கா. எனக்கு எப்படி உரிமை வந்தது? இன்றுவரை விளங்கவில்லை. யூடியூப் ஆளுக்கு, அதை எடுக்கச் சொல்லி எழுதினேன். ஒப்பாரி எல்லாருக்கும் பொது என்று பதில் போட்டார். அதையும் பொய்யென்று சொல்ல முடியவில்லை.

அக்காவிடம் போய், என் போனில் இருப்பதை அழித்துவிடுகிறேன் என்றேன்.

"அழிச்சிடாதடா. ஊர்ல எல்லார் போன்லயும் இருக்குது, எங்கிட்டதான் இல்ல. எனக்கு ஒண்ணு ஏத்திக் குடு."

ஏற்றிக் கொடுத்தேன். அங்கேயே நின்று, காதில் வைத்துக் கேட்டார்.

இப்போது துக்க வீட்டில் கேட்காமல் பதிவு செய்வதில்லை. செய்தாலும் அழுதவருக்கு மட்டும்தான் கொடுக்கிறேன். புதிதாக ஒன்றும் அனுப்பவில்லையே என்று குழுவில் கேட்கிறார்கள்.