உள்பக்கம் திரும்பிய கண்ணாடி

கார் ஓட்டும் தாயின் கண் சாலையில் இருக்க வேண்டுமா, பின்சீட்டில் இருக்கும் பிள்ளையிடம் இருக்க வேண்டுமா? சாலையில்தான் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு இன்னும் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

என் ஐந்து வயது மகளுக்குக் காய்ச்சலில் ஒருமுறை வலிப்பு வந்தது. அதன்பின் சின்னாளப்பட்டியிலிருந்து திண்டுக்கல்லுக்குப் பள்ளிக்கு அழைத்துப் போகும்போதெல்லாம் அவளைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன்.

சில வாரங்களாகக் காலையில் காரில் ஏறினால், பின்னால் வரும் வண்டிகளைப் பார்க்க வெளியே இருக்கும் இடப்பக்கக் கண்ணாடி உள்பக்கம் திரும்பியிருக்கும். வண்டிகள் தெரியாது, பின்சீட்டில் இருக்கும் அவள் முகம்தான் தெரியும். சுவிட்சை அழுத்திச் சரிசெய்வேன். ஒருநாள் சுவிட்சுக்கும் அது அசையவில்லை.

மகளோடு மெக்கானிக்கிடம் போனேன். அவர் என்னைச் சுவிட்சை அழுத்தச் சொல்லி, கண்ணாடியில் காதை வைத்துக் கேட்டார்.

“மோட்டார் ஓடுதுக்கா. இதே சுவிட்சுக்கு வலப்பக்கக் கண்ணாடி அசையுது, அப்ப சுவிட்சும் சரிதான். உள்ள கண்ணாடியத் திருப்புற சக்கரத்துல பல்லுதான் ஒடஞ்சிருக்கு. யாரோ தெனமும் கையால தள்ளுறாங்க.”

“எங்க வீட்ல யாரு தள்ளப் போறா?”

“நாந்தாம்மா,” என்றாள் மகள். “நீ என்னயவே திரும்பித் திரும்பிப் பாக்குற. அன்னிக்கு பஸ்ல இடிக்கப் போனேல்ல? அதான், கண்ணாடிலயே பாத்துக்கன்னு திருப்பி வச்சேன்.”

“ஒங்களுக்கு நல்ல காவக்காரிதான்க்கா!” என்று மெக்கானிக் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. என் பயம் அந்தச் சின்ன மனசுக்குள்ளும் போயிருக்கிறதே என்று அவளைத் தூக்கி அணைத்துக்கொண்டேன்.

கண்ணாடியைச் சரிசெய்தாயிற்று. என் கழுத்துதான் இன்னும் பின்னால் திரும்புகிறது. என்னைப் போல் பயந்து, பிறகு அதிலிருந்து மீண்ட தாய்மார்கள் யாராவது இருந்தால், எப்படி மீண்டீர்கள் என்று சொல்லுங்களேன்.