மூன்றாவது லிங்கத்தில் ஒரு சாவு

கதை எழுதுவதைவிட, எழுதப்போகும் கதைக்குத் திட்டம் போடுவதுதான் இந்தத் தொழிலில் ஆளை வதைக்கும் வேலை. மாத நாவல் எழுதிப் பிழைக்கும் சக பாவப்பட்டவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

எட்டு லிங்கம், எட்டுத் திருப்பம்

திருவண்ணாமலைக்காரனான எனக்கு ஒரு வசதி. கிரிவலப் பாதையில் எட்டு லிங்கங்கள், என் நாவலுக்கும் எட்டு அத்தியாயங்கள். விடிகாலையில் நானும் மனைவி செல்வியும் நடப்போம். இந்திர லிங்கத்தில் ஆட்களை அறிமுகம் செய்வேன். அக்னி லிங்கத்தில் பிரச்சினையைப் பற்றவைப்பேன். மூன்றாவதான எம லிங்கத்தில் ஒரு சாவு, பெரும்பாலும் கதாநாயகனின் மனைவி. மிச்சத் தூரமெல்லாம் அவனை அழவிட்டு, கடைசியில் ஈசானிய லிங்கத்தில் தேற்றிவிடுவேன்.

பன்னிரண்டாவது நாவலையும் இப்படியே சொல்லிக்கொண்டு வந்தபோது, செல்வி நின்று காலில் குத்திய கல்லை எடுத்துப் போட்டாள். "ஏங்க, உங்க கதையில பொண்டாட்டியா வர்றவங்க யாருமே எம லிங்கத்தத் தாண்ட மாட்டாங்களா? ஒருத்தியையாவது ஈசானியம் வரைக்கும் நடக்க வைங்க."

தீம் என்ன?

சரி என்று தலையாட்டினேன். திட்டமும் போட்டேன். ஒரு கணவனும் மனைவியும் பேசிக்கொண்டே மலையைச் சுற்றி வருகிறார்கள். இதைச் சென்னையிலிருக்கும் பத்திரிகை ஆசிரியரிடம் போனில் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "தீம் என்ன சார்? எதுக்கு நடக்கிறாங்க, நடுவுல யார் தடுக்கிறாங்க? ஒண்ணும் இல்லன்னா வழக்கம்போல அந்தம்மாவ மூணாவது அத்தியாயத்துல முடிச்சிடுங்க."

இரண்டு டீ

அவர் சொன்னபடியே முடித்துவிட்டேன். செல்வியிடம் அடுத்த மாதம் என்றேன். அடுத்த மாதமும் அதையேதான் சொன்னேன். அதற்குள் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. இதயம் பெரிதாகிவிட்டது, நடக்கக் கூடாது என்றார் டாக்டர்.

நான் மட்டும் போனேன். பாதையிலுள்ள அடி அண்ணாமலையில் ரஃபீக் பாய் கடையில் வழக்கம்போல இரண்டு டீ தயாராக இருந்தது, அவளுடையது சர்க்கரை கம்மி. விஷயத்தைச் சொன்னதும் பாய் ஒரு கிளாஸை உள்ளே எடுத்து வைத்தார். "கதை எப்டிப் போவுதுன்னு அக்காதான் எனக்குச் சொல்லும். அந்தப் பொண்டாட்டி இந்த வாட்டியாவது பொழைச்சாளான்னு கேட்டு வந்து சொல்லுங்க சார்."

வாயால் சொன்ன கதை

ஆஸ்பத்திரியில் சேர்த்த செல்வியின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். எம லிங்கத்தில் இருவரும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தாண்டினார்கள். செல்வி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். வருண லிங்கம் வந்தபோது, அவள் போர்வையைச் சரிசெய்கிற சாக்கில் எழுந்தேன். நான் நிறுத்தியதும் கண்ணைத் திறந்தாள்.

"மீதிய எழுதிக் காட்டுங்க. வாயால சொன்னா நடுவுல மாத்திடுவீங்க."

அன்றே எழுத உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் அந்த மாதத்து நாவல் அச்சுக்குப் போக வேண்டியிருந்தது, அதை முடித்துக் கொடுத்தேன். மறுவாரம் அவள் போய்விட்டாள்.

ஒன்றும் நடக்காத நாவல்

காரியமெல்லாம் முடிந்த பிறகு, தனியாகச் சுற்றி வந்து அதை எழுதினேன். ஒவ்வொரு லிங்கத்திலும் அவள் பேசுகிறாள், என்னைக் கிண்டல் செய்கிறாள், காலில் குத்திய கல்லை எடுத்துப் போடுகிறாள். பாய் கடையில் சர்க்கரை கம்மியாக டீ குடிக்கிறாள். ஈசானிய லிங்கம் வரைக்கும் நடக்கிறாள். எழுதும்போது அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை.

படித்துவிட்டு ஆசிரியர் போன் செய்தார். என் வீட்டு விஷயம் தெரிந்தவர், ரொம்பத் தயங்கித்தான் சொன்னார். "கோச்சுக்காதீங்க சார், கதையில ஒண்ணுமே நடக்கலியே. ரெண்டு பேரும் மலையச் சுத்திட்டு ஒண்ணா வீட்டுக்கு வந்துடறாங்க, அவ்ளோதானே?"

எந்த நாவலையும் ஒரு நாள்கூடத் தாமதமாகக் கொடுத்ததில்லை என்று ஊரெல்லாம் பெருமையடித்துத் திரிந்த நான் தாமதமாகக் கொடுத்தது, செல்வி கேட்ட இந்த ஒன்றைத்தான்.